அம்பயர் போங்கா, ரூல் போங்கா?

(எபிசோடின் எழுத்து வடிவம். படிக்க வசதியாகச் சில இடங்களில் சுருக்கித் திருத்தியிருக்கிறோம்.)



2025 மே 3, பெங்களூரு சின்னசாமி மைதானம். ஆர்.சி.பி. 213 அடிச்சிருக்கு. சி.எஸ்.கே.வுக்கு 214 வேணும். ஆயுஷ் மாத்ரே 94 ரன்னில் அவுட் ஆனதும் டெவால்ட் பிரெவிஸ் உள்ளே வர்றார். லுங்கி இங்கிடி போட்ட முதல் பந்தே ஃபுல் டாஸ், நேரா பேடில் படுது. அம்பயர் விரலைத் தூக்கிட்டார். பிரெவிசும் ஜடேஜாவும் அதைக் கவனிக்காம ரன் ஓடிட்டு இருக்காங்க. அப்புறம் ரெண்டு பேரும் பேசி முடிவெடுத்து ரிவ்யூ கேட்கும்போது, "15 விநாடி முடிஞ்சிருச்சு, கிடையாது"ன்னு அம்பயர் மறுத்துட்டார். கொஞ்ச நேரத்தில் டிவியில் ரீப்ளே வருது. பந்து லெக் ஸ்டம்பைத் தொடாம வெளியே போகுது. சி.எஸ்.கே. தோத்தது 2 ரன்னில்.

அன்னிக்கு ராத்திரி நம்ம எல்லாருடைய வாட்ஸ்ஆப் குரூப்லயும் ஒரே வார்த்தைதான்: போங்கு. மெட்ராஸ்ல வளர்ந்தவங்களுக்கு இந்த வார்த்தைக்கு அர்த்தம் சொல்ல வேண்டியதில்லை. தெரிஞ்சே ஏமாத்துறதுதான் போங்கு. தப்புக்கும் போங்குக்கும் வித்தியாசம் இருக்கு. ஆனா தோத்த ராத்திரி யாரும் அந்த வித்தியாசத்தைப் பார்க்கிறதில்லை.

இன்னிக்கு எபிசோட்ல அதைத்தான் பிரிச்சுப் பார்க்கப் போறோம். அம்பயர் தப்பு பண்ணும்போது நம்ம கோபத்தில் எது நியாயம், எது வீண்? என் பதிலை முதல்லயே சொல்லிடறேன். நம்ம கோபம் பெரும்பாலும் நியாயமானதுதான். ஆனா அது போய்ச் சேர்ற அட்ரஸ்தான் தப்பு.

அரை விநாடியில் எத்தனை வேலை?

முதல்ல அம்பயர் நிக்கிற இடத்தில் நாம நின்னு பார்ப்போம்.

ஒரு பிட்ச் 22 கஜம், அதாவது 20 மீட்டர் சொச்சம். பந்து கையை விட்டுக் கிளம்பி பேட்ஸ்மேன்கிட்ட வர்ற தூரம் சுமார் 18 மீட்டர்னு வச்சுக்கோங்க. 140 கிலோமீட்டர் வேகத்தில் போட்டா பந்து போய்ச் சேர சுமார் அரை விநாடி ஆகும்.

அந்த அரை விநாடியில் அம்பயர் என்னென்ன பார்க்கணும்? பவுலரோட முன்கால் கோட்டுக்குள்ள இருக்கா. உடனே கண்ணைத் தூக்கி, பந்து எங்க பிட்ச் ஆகுது. லெக் ஸ்டம்புக்கு வெளியே பிட்ச் ஆனா எல்.பி.டபிள்யூ. கிடையாது. அப்புறம் முதல்ல பட்டது பேடா, பேட்டா. பட்ட இடம் ஸ்டம்புக்கு நேரா இருக்கா. பேட் குறுக்கே இல்லாம இருந்திருந்தா பந்து ஸ்டம்பில் பட்டிருக்குமா, மேலே போயிருக்குமா. இதோட சேர்த்து எட்ஜ் சத்தம் கேட்டுதான்னு காதையும் தீட்டி வச்சிருக்கணும். தோனி பேட்டோட இறங்கும்போது சேப்பாக்கத்தில் ஒரு மெல்லிசான எட்ஜ் சத்தம் கேட்குமான்னு நீங்களே யோசிங்க.

நாம வீட்டில் உட்கார்ந்து பார்க்கிறது வேற மேட்ச். ஸ்லோ மோஷன், நாலு கோணம், சத்தத்தை வரைபடமா காட்டுற கோடு. அம்பயருக்கு ஒரே கோணம், ஒரே தடவை. அதனால தப்பு நடக்கிறது ஆச்சரியமே இல்லை. நடந்த தப்பைத் திருத்த வழி இருந்ததா, இல்லையா? கேட்க வேண்டியது அதைத்தான்.

எங்க பக்கம் எல்.பி. ஏன் கிடையாது?

இதை எங்க அத்திப்பட்டு பக்கம் கிரவுண்டு வழியா சொன்னா நல்லா புரியும். எண்ணூர் தாண்டி, அனல்மின் நிலையப் புகைபோக்கி தெரியற பக்கம். ஞாயிற்றுக்கிழமை ஆனா காலி இடம் எல்லாம் டென்னிஸ் பால் மேட்ச்தான். அங்கே தனியா அம்பயர்னு யாரும் கிடையாது. பேட்டிங் டீம்ல அவுட் ஆன பையன்தான் அம்பயர். அதாவது ஒரு கட்சிக்காரரே ஜட்ஜ்.

இதனால என்ன ஆச்சு? எல்.பி.டபிள்யூ.ங்கிற ரூலையே தூக்கிட்டாங்க. "எல்.பி. கிடையாது"ன்னு டாஸ் போடறதுக்கு முன்னாடியே பேசிடுவாங்க. வடசென்னையில் மட்டுமில்லை, தமிழ்நாட்டில் தெருவில் கிரிக்கெட் ஆடின எல்லாருக்கும் இது தெரியும். ஏன் தூக்கினாங்க? எல்.பி.டபிள்யூ. மட்டும்தான் நடக்காத ஒண்ணைப் பத்தித் தீர்ப்பு சொல்ற ரூல். போல்டு ஆனா ஸ்டம்பு விழும், எல்லாருக்கும் தெரியும். கேட்ச்னா பந்து கையில் இருக்கும். எல்.பி.டபிள்யூ.ல மட்டும், "கால் இல்லாம இருந்திருந்தா பந்து எங்க போயிருக்கும்"னு ஒருத்தர் கற்பனை பண்ணிச் சொல்லணும். அந்தக் கற்பனையை எதிர் டீம் பையன் சொன்னா நம்ப முடியுமா?

கீப்பர் பின்னாடி எட்ஜ் வாங்கினா? அதுக்கு எங்க டி.ஆர்.எஸ். வேற. "அம்மா மேல சத்தியம் பண்ணு." சத்தியம் பண்ணிட்டா நாட் அவுட். பேட்ஸ்மேன் தயங்கினா அவுட். இது விளையாட்டாத் தெரியலாம். ஆனா இதுக்குள்ள ஒரு பெரிய விஷயம் இருக்கு: அம்பயர் மேல நம்பிக்கை இல்லாத இடத்தில் ஆட்டத்தோட ரூலே சுருங்கிடுது.

சர்வதேச கிரிக்கெட்லயும் இதே பிரச்சினை இருந்தது. ரொம்ப வருஷம் சொந்த நாட்டு அம்பயர்கள்தான் நிப்பாங்க. எங்க போனாலும் "அங்கே 13 பேரோட ஆடணும்"னு வெளிநாட்டு டீம்கள் புலம்பும். 1986ல் பாகிஸ்தான், வெஸ்ட் இண்டீஸ் மோதின லாகூர் டெஸ்ட்டில் வி.கே. ராமசாமி, பிலூ ரிப்போர்ட்டர்னு ரெண்டு இந்திய அம்பயர்களை நிக்க வச்சாங்க. பொதுவான நாட்டு அம்பயர்ங்கிற ஏற்பாட்டுக்கு அதுதான் பெரிய தொடக்கம். 2002ல் ஐ.சி.சி. எலைட் பேனல் வந்தப்போ நம்ம சென்னைக்காரர் எஸ். வெங்கட்ராகவன் அதில் இருந்தார். முன்னாள் இந்திய கேப்டன், 73 டெஸ்ட்டில் அம்பயர். அவர் காலத்தில் ரிவ்யூ கிடையாது. பவுலர் கத்துவார், அவர் தலையை ஆட்டுவார், அதோட முடிஞ்சது.

எங்க கிரவுண்டுலயும் பெரிய டோர்னமென்ட்னா மூணாவது டீம்ல இருந்து அம்பயர் போடுவாங்க. ஐ.சி.சி. பல வருஷம் யோசிச்சுக் கண்டுபிடிச்சதும் அதேதான்.

அம்பயர்ஸ் கால்: ஒரே பந்து, ரெண்டு தீர்ப்பு

சரி, பொதுவான ஆள் வந்தாச்சு. டெக்னாலஜியும் வந்தாச்சு. இப்ப ரசிகர்கள் அதிகமா கடுப்பாகிறது எதுக்குன்னா, "அம்பயர்ஸ் கால்".

பந்து ஸ்டம்போட ஓரத்தில் உரசற மாதிரி படத்தில் தெரியுது. அம்பயர் அவுட் கொடுத்திருந்தா, அவுட். நாட் அவுட் கொடுத்திருந்தா, அதே பந்து நாட் அவுட். "பந்து ஸ்டம்பில் படுதா இல்லையா, ஒரு பதில் சொல்லுங்கடா"ன்னு நமக்குத் தோணும்.

இதோட காரணம் எளிமையானது. பந்து காலில் படற வரைக்கும் கேமரா பார்த்தது நிஜம். அதுக்கப்புறம் திரையில் போற பாதை கணிப்பு. கணிப்புன்னா ஒரு சின்னப் பிசகு இருக்கும். அதனால ஒரு எல்லை வச்சாங்க. அம்பயர் நாட் அவுட் சொன்னதை மாத்தணும்னா, பந்தோட பாதிக்கு மேல ஸ்டம்பு பகுதியில் படற மாதிரி கணிப்பு காட்டணும். அதுக்குக் குறைச்சலா உரசினா, மைதானத்தில் கொடுத்த தீர்ப்பே நிக்கும்.

கோர்ட்டு மாதிரி நினைச்சுக்கோங்க. அப்பீல் கோர்ட்டு வழக்கை முதல்ல இருந்து நடத்துறதில்லை. கீழ்க் கோர்ட்டு தீர்ப்பில் தப்பு பளிச்சுன்னு தெரியுதான்னுதான் பார்க்கும். தெரியலன்னா பழைய தீர்ப்பு நிக்கும். டி.ஆர்.எஸ்.சும் ஒரு அப்பீல் கோர்ட்டுதான். சின்னச் சந்தேகத்தைத் தீர்க்க அது வரல. சிட்னி 2008 மாதிரி ஊருக்கே தெரிஞ்ச தப்பைத் தடுக்க வந்தது.

அதனால அம்பயர்ஸ் கால் வந்து உங்க டீம் தோத்தா, மனசு கஷ்டப்படலாம். போங்குன்னு சொல்ல முடியாது.

கோபம் ரூல் ஆன கதை

சிட்னி 2008 என்னன்னு சின்ன வயசுக்காரங்களுக்குச் சொல்லிடறேன். ஜனவரி மாசம், இந்தியா ஆஸ்திரேலியா டெஸ்ட். ஆண்ட்ரூ சைமண்ட்ஸ் 30 ரன்னில் இருக்கும்போது தெளிவான எட்ஜ், கீப்பர் கேட்ச். ஸ்டீவ் பக்னர் நாட் அவுட் சொன்னார். சைமண்ட்ஸ் 162 நாட் அவுட். கடைசி நாள் திராவிட் பேட்டில் படாத பந்துக்குக் கேட்ச்னு அவுட். இந்தியா 122 ரன்னில் தோத்தது. நாடே கொதிச்சது. பி.சி.சி.ஐ. புகார் கொடுத்து, அடுத்த பெர்த் டெஸ்ட்ல இருந்து பக்னரை எடுத்துட்டாங்க.

ஆளை மாத்தினாங்க. அதனால அடுத்த அம்பயருக்கு எட்ஜ் நல்லா கேட்டுடுமா? உண்மையான மாற்றம் அதே வருஷம் ஜூலையில், இந்தியா இலங்கையில் ஆடின டெஸ்ட் தொடரில் வந்தது. ரிவ்யூ முறையை அங்கேதான் முதல்ல சோதிச்சாங்க. இதில் வேடிக்கை என்னன்னா, சிட்னியில் அதிகமா பாதிக்கப்பட்ட இந்தியாவோட போர்டுதான் அதுக்கப்புறம் டி.ஆர்.எஸ்.ஸை அதிகமா எதிர்த்தது. இருதரப்புத் தொடரில் முழு டி.ஆர்.எஸ்.ஸை நாம ஏத்துக்கிட்டது 2016 இங்கிலாந்து தொடரில்தான். நம்ம டீமுக்கு நடந்த எத்தனையோ தப்புக்கு அம்பயரைத் திட்டினோம். திருத்தற வழியை வேண்டாம்னு சொன்னது யாருன்னு அதிகம் பேர் கேட்கல.

ஐ.பி.எல்.லயும் இதே கதை. 2019 மார்ச் 28, மும்பை பெங்களூரு மேட்ச். கடைசிப் பந்தில் 7 ரன் வேணும். மலிங்கா கோட்டைத் தாண்டிப் போட்ட நோ பால் யார் கண்ணிலும் படல. ஆர்.சி.பி. தோத்தது. இது கிளப் கிரிக்கெட் இல்ல, அம்பயர்கள் கண்ணைத் திறந்து வச்சிருக்கணும்னு கோலி வெளிப்படையாவே சொன்னார். அடுத்த சீசன்ல இருந்து முன்கால் நோ பாலைப் பார்க்கிற வேலை மைதான அம்பயர்கிட்ட இருந்து டிவி அம்பயருக்குப் போச்சு. மேலே சொன்ன அரை விநாடிக் கணக்கில் ஒரு வேலை குறைஞ்சது.

அதே 2019 ஏப்ரல், ஜெய்ப்பூர். ஸ்டோக்ஸ் போட்ட ஃபுல் டாஸுக்கு ஒரு அம்பயர் நோ பால்னு கை நீட்டி, அப்புறம் வாபஸ் வாங்கினதில் தோனியே மைதானத்துக்குள்ள வந்துட்டார். நம்ம கூல் கேப்டன்! மேட்ச் ஜெயிச்சோம், ஆனா சம்பளத்தில் 50 சதவீதம் அபராதம். 2022ல் டெல்லி ராஜஸ்தான் மேட்சில் இடுப்பு உயர நோ பால் கொடுக்கலன்னு பந்த் தன் பேட்ஸ்மேன்களையே வெளியே கூப்பிட்டார். அவருக்கு மொத்த மேட்ச் சம்பளமும் அபராதம். 2023ல் வைடு, நோ பாலுக்கும் ரிவ்யூ வந்தது. 2024ல் ஒவ்வொரு பேட்ஸ்மேனோட இடுப்பு உயரத்தையும் முன்கூட்டியே அளந்து வச்சு, பந்தோட உயரத்தை மெஷின்ல ஒப்பிட ஆரம்பிச்சாங்க.

இப்படி வரிசையா பார்த்தா ஒரு விஷயம் தெரியும். ஒவ்வொரு தடவையும் நிலைமையை மாத்தினது ரூல் மேல போன கோபம். அம்பயர் மேல போன கோபத்தால ஒரு பந்துகூடத் திருந்தல.

மெஷின் இருந்தும் ஏன் தப்பு?

இப்ப பிரெவிஸ் விஷயத்துக்கு வருவோம். அம்பயர் தப்பா விரல் தூக்கினார். அது கண்ணோட தப்பு, மன்னிக்கலாம். திருத்த மெஷினும் இருந்தது, ரிவ்யூவும் கையில் இருந்தது. தடுத்தது 15 விநாடிங்கிற விதி. அந்த விதி ஏன் இருக்கு? டிரெஸ்ஸிங் ரூம்ல இருந்து ரீப்ளே பார்த்துட்டு யாரும் சைகை காட்டக் கூடாதுன்னுதான். நல்ல காரணம். ஆனா ரன் ஓடிட்டு, விரல் தூக்கினதையே லேட்டா கவனிக்கிற பேட்ஸ்மேனுக்கும் அதே 15 விநாடிதான்.

இன்னொண்ணும் இருக்கு. ரிவ்யூவில் நாட் அவுட்னு மாறியிருந்தாலும் அவங்க ஓடின ரன் கணக்கில் வராது. அம்பயர் அவுட் கொடுத்த நொடியே பந்து டெட். பேடில் பட்டு ஓடின லெக் பை எல்லாம் போச்சு. 2 ரன்னில் தோத்த மேட்சில் இது சின்ன விஷயமா?

2022 மே 12 வான்கடேயும் ஞாபகம் இருக்கும். சி.எஸ்.கே. பேட்டிங். ஸ்டேடியத்தில் கரன்ட் பிரச்சினை, டி.ஆர்.எஸ். வேலை செய்யல. கான்வே முதல் பந்திலேயே எல்.பி.டபிள்யூ. லெக் சைடில் போற பந்து மாதிரி தெரிஞ்சது, ரிவ்யூ கேட்க வழியில்லை. உத்தப்பாவும் அப்படியே போனார். 97க்கு ஆல் அவுட். உலகத்திலேயே பணக்கார கிரிக்கெட் லீக்ல கரன்ட் போனா நீதி போயிடுது. இதுக்கு அந்த அம்பயர் என்ன பண்ணுவார்? கேள்வி கேட்க வேண்டியது மேட்ச் நடத்தறவங்களை.

வேற நாட்டில், வேற ஆட்டத்தில் இதே மாதிரி ஒண்ணு. 2010 ஜூன் 2, அமெரிக்காவில் டெட்ராய்ட், பேஸ்பால். அர்மாண்டோ கலராகாங்கிற பிட்சர் 26 பேரை ஒருத்தரைக்கூட ஓட விடாம வரிசையா அவுட் ஆக்கிட்டார். இன்னும் ஒருத்தர் போனா "பெர்ஃபெக்ட் கேம்", பேஸ்பால்ல ரொம்ப அபூர்வமான சாதனை. 27ஆவது ஆள் தெளிவா அவுட். அம்பயர் ஜிம் ஜாய்ஸ் சேஃப்னு சொல்லிட்டார். மேட்ச் முடிஞ்சு ரீப்ளே பார்த்த ஜாய்ஸ் தன் தப்பை நேரடியா ஒத்துக்கிட்டு, கலராகாகிட்ட மன்னிப்புக் கேட்டார். அடுத்த நாள் மேட்சுக்கு டீம் லிஸ்ட்டைக் கொண்டுபோய் அம்பயர்கிட்ட கொடுத்தது கலராகாதான். ஜாய்ஸ் கண்ணில் தண்ணி. தீர்ப்பு மாறவே இல்லை. ஆனா 2014ல் பேஸ்பால்ல ரீப்ளே ரிவ்யூ விரிவா வந்தது. 2026 சீசனுக்கு, பால், ஸ்ட்ரைக் தீர்ப்பையும் மெஷின்கிட்ட அப்பீல் பண்ணலாம்னு முடிவு பண்ணிட்டாங்க.

இதில் எனக்குப் பிடிச்சது, ஜாய்ஸ் வாயைத் திறந்து பேசினது. ஐ.பி.எல்.ல ஆட்டக்காரருக்கு அபராதம் போட்டா அன்னிக்கே அறிக்கை வருது. ஒரு பெரிய தப்பு நடந்தா, ஏன் நடந்ததுன்னு நமக்கு விளக்கம் கிடைக்கிறது அபூர்வம். பதில் வராத இடத்தில்தான் போங்குங்கிற சந்தேகம் வளருது.

கத்தறதுக்கு முன்னாடி

இது டிவியோட நிக்கிற விஷயம் இல்லை. எங்க பக்கம் டோர்னமென்ட்ல ஒரு அண்ணன் அம்பயரா நிப்பார். கம்பெனியில கான்ட்ராக்ட் வேலை, வாரத்தில் ஒரே நாள் லீவு. அந்த நாளை வெயிலில் நின்னு கழிப்பார். கையில் கிடைக்கிறது பிரியாணியும் சில நூறு ரூபாயும். ஒரு ஃபைனல்ல ரன் அவுட் தகராறு. பத்து பேர் சூழ்ந்து, வீட்டுப் பொம்பளைங்க வரைக்கும் இழுத்துத் திட்டினாங்க. ஒருத்தன் போன்ல வீடியோ காட்டினான். அந்த வீடியோலயும் ஒண்ணும் தெளிவா தெரியல. அதுக்கப்புறம் அவர் வரல. அடுத்த வருஷம் மறுபடியும் பேட்டிங் டீம் பையனே அம்பயர். மறுபடியும் ரெண்டு மேட்ச் பாதியில் நின்னுது.

அம்பயரைத் துரத்திட்டா நல்ல அம்பயர் வர மாட்டார். அம்பயரே இல்லாம போயிடும்.

அதனால நான் சொல்றது இது. தப்பு நடந்தா முதல்ல கேளுங்க: இது கண்ணோட தப்பா, விதியோட தப்பா? கண்ணோட தப்புன்னா, திருத்த வழி இருந்ததா? இருந்தும் திருத்தலன்னா, அந்த விதியை மாத்தற அதிகாரம் யார்கிட்ட இருக்கு? அவங்களை டேக் பண்ணுங்க, அவங்ககிட்ட கேளுங்க. 15 விநாடி ஓடறது மைதானத்தில் இருக்கிற பேட்ஸ்மேனுக்கு ஒவ்வொரு தடவையும் தெரியணும். டி.ஆர்.எஸ்.க்கு மாற்று கரன்ட் இருக்கணும். பெரிய சர்ச்சை வந்தா அடுத்த நாள் எழுத்தில் விளக்கம் வரணும். இது மூணும் கேட்க வேண்டிய கேள்வி. அம்பயரோட பொண்டாட்டி பிள்ளை போட்டோவுக்குக் கீழே போய்த் திட்டுறதால இதில் ஒண்ணும் நடக்காது.

உங்க ஏரியாவில் டோர்னமென்ட் நடத்தறீங்களா? மூணாவது டீம்ல இருந்து அம்பயர் போடுங்க. அவர் காசை டாஸுக்கு முன்னாடியே கொடுத்துடுங்க. கேப்டன் மட்டும்தான் பேசணும்னு வைங்க. போன் வீடியோ செல்லுமா செல்லாதான்னு ஆட்டம் ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே பேசிடுங்க, விக்கெட் விழுந்தப்புறம் இல்லை.

1999 ஜனவரியில் சேப்பாக்கம் பாகிஸ்தான் டெஸ்ட். கங்குலி அவுட் ஆன கேட்ச்ல பந்து தரையில் பட்டுதான்னு பெரிய சர்ச்சை. சச்சின் 136 அடிச்சும் 12 ரன்னில் தோத்தோம். அன்னிக்கு அந்தக் கூட்டம் எழுந்து நின்னு பாகிஸ்தான் டீமுக்குக் கைதட்டினது. அவங்களுக்கும் கோபம் இல்லாம இருந்திருக்காது. கோபத்தை எங்க வைக்கணும்னு தெரிஞ்சவங்க.

உங்க ஏரியா கிரவுண்டுல எந்த ரூல் அதிகமா சண்டை இழுக்குதுன்னு எழுதி அனுப்புங்க. அடுத்த எபிசோட்ல பார்ப்போம்.